‘தொடாதே’ பலகைகளைக் கழற்ற உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ரயில் அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. கையை அடக்குவதை விட்டுவிட்டு, கை படும் இடத்தை அதற்குத் தோதாக மாற்றலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் வேலையில் இறங்கிய அனைவருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணன்களுக்கு. ஒய்.பி. வகை நீராவி எஞ்சினின் பாய்லர் உறைக்குள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் ஏறக் கூடாது என்று பிடிவாதமாக நின்றது அவர்கள்தான். பிறகு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் பிடியை உள்தண்டிலிருந்து கழற்றி, நடுவே பிரேக் லைனிங் துண்டில் வெட்டிய வாஷர் போட்டார்கள். இப்போது பிள்ளை இழுத்தால் கனமாக நகரும். விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும், முகத்தில் வந்து அடிக்காது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் அக்ரிலிக் குழாய். விரல் நசுங்க வாய்ப்புள்ள உலைக்கதவு போல்ட் போட்டு மூடப்பட்டு, அதன் இடுக்கு வழியே உள்ளே எரியும் ஆரஞ்சு விளக்கு தெரிகிறது. யாரும் கேட்காமலே புகைபோக்கிக்கு ஒரு தகர மூடியும் செய்து போட்டார்கள். மழைநீர் இறங்கிப் பழைய சாம்பலோடு கலந்தால் அமிலமாகும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே அடித்தகடு அரித்துப் போகும்.

கைகாட்டி சிக்னலை நிறுத்திக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்கு அடுத்த நன்றி. நிஜ நிலையத்தில் நெம்புகோலையும் கைகாட்டியையும் இணைக்கும் கம்பி நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும். நெம்புகோலை இழுக்கப் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். இங்கே 12 மீட்டர்தான் என்பதால் எட்டு வயதுப் பிள்ளையால் முடிகிறது. ஆனால் லேசாக இருப்பதிலும் ஆபத்து உண்டு: பாதியில் கையை விட்டால் நெம்புகோல் துள்ளித் திரும்பும். கார் டிக்கியில் இருக்கும் வாயுத் தண்டு ஒன்றைப் பொருத்தி அந்த வேகத்தைக் கொன்றார்கள். கப்பிகளுக்கெல்லாம் வலைமூடி. கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றினால் எதிர்எடை கைகாட்டியின் கையைத் தானாக ‘நில்’ நிலைக்குக் கொண்டுபோவதைக் காட்டலாம். பத்துப் பலகை எழுதினாலும் அது புரியாது.

சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலகிரி மலை ரயில் பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் உச்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். சாய்தளத்துக்குக் கட்டட வழிகாட்டிகள் அனுமதிக்கும் உச்சச் சரிவும் அதேதான். சக்கர நாற்காலிக்குப் பற்சக்கரம் ஏது? 60 செ.மீ. உயர மேடைக்கு அந்தக் கணக்கில் 7.2 மீட்டர் போதும். பலகை போட்டு உருட்டிப் பார்த்து, ‘இது காகிதக் கணக்கு’ என்று சொன்ன சக்கர நாற்காலி நண்பர்களால் 15-க்கு 1 ஆக்கி 9 மீட்டருக்கு நீட்டினோம். கைப்பிடி 90 செ.மீ.யில் ஒன்று, 76 செ.மீ.யில் ஒன்று. கீழ்ப்பிடியைப் பிள்ளைகள் பிடித்துத் தேய்த்தே பெயின்ட் போய்விட்டது.

விளக்கப் பலகைகளைத் திருத்திய ஆசிரியைகளுக்கு: நீங்கள் அடித்துத் தள்ளியதுதான் பெரிய உதவி. உற்பத்தி எண்ணும் குதிரைத்திறனும் கீழே போய், ‘சங்கிலியை இழுத்தால் ரயில் எப்படி நிற்கிறது?’ மேலே வந்தது. வேக்குவம் பிரேக்கில் குழாயில் காற்று இல்லாதவரை பிரேக் விடுபட்டிருக்கும். சங்கிலி ஒரு வால்வைத் திறக்க, காற்று உள்ளே பாய்ந்து பிரேக் பிடிக்கும். இதைக் காட்டும் அக்ரிலிக் சிலிண்டரை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். ரப்பர் வளையத்தில் தூசி சேர்ந்தால் காற்று கசிந்து பிஸ்டன் மேலேறாது.

பெயின்டர் தம்பிகள் அருங்காட்சியகக் கூடத்தின் தரையில் 1,676, 1,000, 762 மி.மீ. என்று மூன்று கேஜ்களை, அதாவது தண்டவாள இடைவெளிகளை, கோடாக வரைந்தார்கள். நாலு வயதுப் பிள்ளை குறுக்கே படுத்தால் ஏறக்குறைய மீட்டர் கேஜ். அசல் தண்டவாளத்தில் படுத்தோ நடந்தோ படம் எடுக்க மட்டும் விடுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். இங்கே விளையாட்டாகப் பழகும் கால், நாளை ரயில் ஓடும் பாதையிலும் அதையே செய்யும்.

கம்ப்ரஸர் மெக்கானிக்குக்கும் நன்றி: விசில் இப்போது அழுத்தம் குறைத்து, பலகையில் எழுதிய நேரத்தில் மட்டுமே ஒலிக்கிறது, கைக்குழந்தைகள் பயந்து அழுவது குறைந்திருக்கிறது. சித்திரை வெயிலில் கைப்பிடிகளைத் தொட்டுப் பார்த்து, மதியம் எஞ்சினை மூடச் சொல்லும் துப்புரவு அக்காக்களின் தீர்ப்பே இங்கே இறுதி.

கடைசியாக, பழைய அட்டை டிக்கெட்டுகள் நிறைந்த துணிப்பையைக் கேட்டருகே பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போன ஐயா அல்லது அம்மா: அவற்றை வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தேதி அடித்துப் பார்ப்பது புதிதாக வெட்டிய அட்டையில்தான். உங்கள் பையும் ரசீதும் அலுவலகத்தில் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அருங்காட்சியகத் தன்னார்வலர்கள்