தையில் ஊருக்கு வரும் மும்தாஜுக்கு

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள மும்தாஜ்,

உன் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் ஓசூரைக் காலி செய்துவிட்டுப் பத்தமடைக்கே வந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் அத்தைக்கு முதலில் வாசித்துக் காட்டினேன். "அவ உம்மாவுக்குப் பாதி முட்டுவலி இப்பமே போயிருக்கும்" என்றார்கள். சாராள் தக்கர் காலேஜில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் இத்தனை வருஷம் போனிலேயே பேசிக்கொண்டிருந்தோம். இனிமேல் சேரன்மகாதேவியில் ரயில் ஏறினால் காருகுறிச்சி, வீரவநல்லூர், அடுத்தது நம்ம ஸ்டேஷன்.

வீட்டிலிருந்தே பாய் விற்கப் போகிறேன், முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். கணக்கு நோட்டு ஒன்று வாங்கு. அதில் முதல் வரியாக உன் கூலியை எழுது.

வீட்டிலிருந்தே அப்பளம் விற்கிற நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம பக்கத்தில் வீட்டில் இருந்து தொழில் செய்கிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் உளுந்துக்கு, எண்ணெய்க்கு, கவருக்கு எல்லாம் கணக்கு எழுதுவார்கள். தன் உழைப்புக்கு எழுத மாட்டார்கள். "வீட்டுல சும்மாதான இருக்கேன்" என்பார்கள். மாவு பிசைவதும், உருண்டை பிடிப்பதும், இரவு பத்து மணிக்கு "அக்கா, பார்சல் எங்க வருது" என்று கேட்பவருக்குப் பதில் போடுவதும் சும்மா இருப்பதா? எனக்கு அப்பளம் இட்டுத் தருகிற அக்காவுக்கு மணிக்கு என்ன கூலியோ, அதே கூலியை எனக்கும் எழுதிவிட்டுத்தான் அடக்க விலை பார்க்கிறேன். அதற்கு மேல் லாபம். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்றால் அந்தச் சரக்கை நான் போடுவதில்லை. கூழ் வத்தலை நிறுத்தியது அதனால்தான்.

உனக்கு இது இன்னும் முக்கியம். கோரையைக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பிறகு தறியில் உட்கார வேண்டும். மெல்லிசாக நெய்கிற நைஸ் பாய் ஒன்று முடிய எத்தனை நாள் ஆகும் என்று உன் பெரியம்மாவைக் கேட்டால் தெரியும். ஆன்லைனில் இருநூறு முந்நூறுக்குப் பிளாஸ்டிக் பாய் கிடக்கிறது. அதோடு விலைப் போட்டிக்குப் போனால் நெய்கிறவர்கள் வயிற்றில்தான் அடிக்க வேண்டியிருக்கும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்து தருகிற வேலை வேறு எந்தப் பாயில் உண்டு? அதைச் சொல்லி விற்பனை செய். ஒரு விஷயம், பெயர் போட்ட பாய்க்கு முழுப் பணமும் முன்பணமாக வாங்கிவிடு. பெயரின் எழுத்தை அவர்களையே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல். அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது.

அடுத்தது பார்சல். கூரியர்காரர்கள் நிறுவையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். அப்படி வருகிற கிலோவிலும் தராசு நிறுவையிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நாலடிப் பாயைச் சுருட்டினால் 120 நீளம், 12 அகலம், 12 உயரம் என்று வை: கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. உன் பாயைத் தராசில் போட்டுப் பார், அவ்வளவு இருக்காது. நீளப் பார்சல் என்று சிலர் தனியாக வேறு கேட்பார்கள். ஆகையால் விலை சொல்லும் முன்பே ஒரு பாயைச் சுருட்டி, போஸ்ட் ஆபீஸ் ஸ்பீடு போஸ்டிலும் இரண்டு கூரியரிலும் விசாரித்துவிடு.

அப்பளத்தில் நான் படுகிற பாடு வேறு. கொஞ்சம் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், அதிகம் காய்ந்தால் வழியிலேயே நொறுங்கும். நிழலில் உலர்த்தி, வளைத்தால் லேசாக வளைந்து கொடுக்கிற பதத்தில் எடுக்க வேண்டும். அடியிலும் மேலேயும் வட்டமாக வெட்டின அட்டை, நடுவில் அடுக்கு, கவர் போட்டு ஒட்டி, டப்பாவுக்குள் ஆடாமல் இறக்குகிறேன். டப்பாவைக் காதோரம் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆர்டரே எடுப்பதில்லை. வாடிக்கையாளர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், காத்திருந்து வாங்குகிறார்கள்.

காகித வேலைக்குப் பயப்படாதே. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேண்டும். அதே சாயலில் தளம் வைத்துப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள், ஏமாறாதே. எனக்குச் சாப்பாட்டுச் சாமான் என்பதால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். உனக்கு அது தேவையில்லை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பாய்க்குக் கணக்கு வேறு, வெளிமாநில ஆர்டர் எடுக்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள். அமேசான், மீஷோ எல்லாம் பிறகு பார்க்கலாம். வாட்ஸ்அப் பிசினஸும் இன்ஸ்டாகிராமும் ஆரம்பத்துக்குப் போதும். நான் எழுதின விளம்பரம் எதையும்விட, எண்ணெயில் போட்ட அப்பளம் விரிந்து எழும்புகிற சின்ன வீடியோதான் அதிக ஆர்டர் கொண்டுவந்தது. நீ தறியில் ஓடுகிற கையைப் படம் பிடி.

யாராவது பெரிய ஆர்டர் என்று சொல்லி, "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் உடனே பிளாக் செய். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ராணுவத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கூட வருவார்கள். இதை உன் உம்மாவுக்கும் சொல்லி வை, போன் அவர்கள் கையில்தானே இருக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெயர் போட்ட பாய் ஒன்று வேண்டும், பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். விலையை உன் கூலியும் பெரியம்மா கூலியும் சேர்த்துச் சொல். தோழி என்று குறைத்துச் சொன்னாயோ, ஏட்டி, நான் வாங்க மாட்டேன்.

அன்புடன்,
காந்திமதி