எந்த வைரஸ் என்று கேட்ட பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் யு.கே.ஜி. பிள்ளை ஒருத்தி மதியம் தயிர்சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு டப்பாவை மூடிவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கு ஓரத்தில் இரண்டு சின்னப் புண், உள்ளங்கையில் சிவப்புப் பொட்டுகள். இன்றைக்கு அந்த வகுப்பில் நான்கு பேர் லீவு. கை, கால், வாய் நோய் என்று டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

அதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விகள். மாட்டுக்கு வரும் கோமாரியா? இல்லை, அந்த வைரஸே வேறு. அம்மையும் இல்லை. அப்போ தக்காளிக் காய்ச்சலா? 2022இல் கொல்லம் பக்கம் அந்தப் பெயர் கிளம்பியபோது கேரள எல்லையில் உள்ள வாளையார் சோதனைச்சாவடியில்கூடக் காய்ச்சல் பார்த்துத்தான் விட்டார்கள், நாமும் ஏதோ புது நோய் என்று பயந்தோம். கேரளம் வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய அண்ணன் தங்கை இருவருக்கு இதே மாதிரி கொப்புளம் வந்து, மாதிரி எடுத்து வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்தால் அது காக்சாக்கி ஏ16, இந்த நோயைக் கொடுக்கும் பழைய ஆள்தான்.

ஒரே மாதிரிப் பொட்டைப் பல வைரஸ்கள் கொடுக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஏ16 பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். காக்சாக்கி ஏ6 என்றால் சில வாரம் கழித்து நகம் உரிந்து விழலாம், பதற வேண்டாம், திரும்ப முளைக்கும். என்டெரோவைரஸ் ஏ71 மட்டும் அபூர்வமாக மூளை வரை போகும்; 1998இல் தைவானில் பரவியபோது 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். தொண்டையிலோ கொப்புளத்திலோ பஞ்சுக் குச்சியால் எடுத்தோ, மலத்தை எடுத்தோ ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் செய்வது இதைப் பிரித்தறியத்தான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்பதில் அர்த்தமில்லை, எது என்று தெரிந்தாலும் சாதாரணமாக வந்தவர்களுக்கு வைத்தியம் அதேதான். ஒருமுறை வந்துவிட்டதே, இனி வராது என்றும் இருக்காதீர்கள், அடுத்தமுறை வேறு வைரஸ் வரும்.

பேர் தெரியாவிட்டாலும் பிள்ளையைக் கவனிக்கலாம். தூக்கத்தில் திடுக்திடுக்கென்று தூக்கிப் போட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்ப் புண்ணுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க விடாதீர்கள்.

காய்ச்சல் விட்டு, கொப்புளம் காயும் வரை வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வரும், அதனால் கால் கழுவிவிட்டதும் உங்கள் கையையும் பிள்ளை கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசரை இந்த வைரஸ் அவ்வளவாக மதிக்காது. இங்கே பொம்மைகளையும் பெஞ்சுகளையும் தினமும் பிளீச்சிங் கரைசலில் துடைக்கிறோம்.

சரி, முழு வருகைப் பரிசுக்காக யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். இந்த லீவைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்