குசினி மாமிக்கும் மற்ற எல்லோருக்கும்

என் மகன் நேற்றுப் பின்னேரம் விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டான். உடுப்புப் பையை அவனே அடுக்கினான். மண்டூர்த் துறையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பாதை (மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடிக்கும் வரைக்கும் என்னோடு கதைத்துக்கொண்டுதான் வந்தான். நாளைக்கு வயல் வேலை, வீட்டு வேலை என்று வந்துவிட்டால் நன்றி சொல்வதும் பிந்திப்போகும். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பு இல்லை, தேவையும் இல்லை. அவன் இருக்கிறான், சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான். எனக்கு அது போதும். ஒன்றை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன்: அவனுடைய படத்தை இன்னும் போனில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அன்றைக்கு அவன் காணாமல் போனபோது அதைப் பகிர்ந்ததால்தான் அவன் கிடைத்தான், அதற்கு நன்றி. இனி அவனும் மற்றப் பிள்ளைகளைப் போல ரோட்டில் நடக்கட்டும்.

அந்த இரவில் தேடி அலைந்த எல்லோருக்கும் முதலில் என் நன்றி. கல்லடிப் பாலத்தடியில் ரோர்ச் லைட்டோடு நின்ற பொடியன்கள், முகத்துவாரப் பக்கம் தோணி எடுத்துக்கொண்டு போன மீன்பிடிக்காரர், காசைக் கண்ணாலும் பார்க்காமல் விடியும் வரை ஓடித் திரிந்த ஓட்டோத் தம்பிமார், காத்தான்குடியில் இருந்து தேநீரும் பணிஸும் கொண்டுவந்து தந்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன இரண்டு பேர், என் கையைப் பிடித்தபடி இருந்த பெண் பொலிஸ் பிள்ளை, வைத்தியசாலையில் எங்களைக் காத்திருக்கவிடாமல் உள்ளே கூட்டிப்போன தாதி, எங்கள் மாடுகளைத் தண்ணீர் காட்டிக் கட்டிய பக்கத்து வளவுக்காரர். மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கத்துக்கு நடுச்சாமத்தில் எடுத்தபோது தமிழில் பேசி, என் அழுகை அடங்கும் வரை போனை வைக்காமல் இருந்த அந்தப் பிள்ளை. உங்கள் எல்லோரையும் தனித்தனியே வந்து பார்க்க ஆசை. நடக்குமோ தெரியாது. என் வீட்டு வாசல் உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்.

சரி, இந்தக் கடிதத்தை நான் முக்கியமாக எழுதுவது விடுதியில் சமைக்கிற அக்காவுக்கு. பிள்ளைகள் அவரைக் குசினி மாமி என்பார்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவை அவனைக் கொண்டுபோய் விட்டபோது கேற்றடியில் நின்று உள்ளே போக மாட்டேன் என்று அழுதான். தரம் 10 படிக்கிற பொடியன், என்னைவிட உயரமானவன், என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சுற்றி நின்று புத்தி சொன்னோம். யாரும் கோபமாகப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினோம். ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: "ஏன்? என்ன குறை? சொல்லு." அவன் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நடந்ததை அவனே எனக்குப் பிறகு சொன்னான். ரியூசன் முடிந்து வந்திருக்கிறான். கிட்டத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீளமான அந்த மண்டபத்தில் கட்டில்கள் வெறுமையாக இருந்திருக்கின்றன. இவன் தன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். குசினி மாமி வாசலில் வந்து நின்று, "மனே, எனக்குக் கை ஏலாது. இந்தத் தேங்காயத் திருவித் தாறியா?" என்று கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவனும் எழும்பிப் போயிருக்கிறான். திருவலையில் இருந்து இரண்டு தேங்காய் திருவிக் கொடுத்திருக்கிறான். மாமி பிட்டுக்கு மா குழைத்தபடி தன் பாட்டில் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் போனபிறகு மாவை அவன் கையில் கொடுத்து, "பிடிச்சா உருண்டையா நிக்கோணும், உதுத்தா உதிரோணும். பார்த்துச் சொல்லு, சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னது சரியில்லை என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குழலில் இருந்து முதல் பிட்டு விழுந்ததும் அதில் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அவன் கையிலேயே வைத்திருக்கிறார். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறான். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"மாமி என்னட்ட ஒண்டும் கேக்கல்லம்மா" என்று இதை எனக்குச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஆறுதலை நான் என்னவென்று எழுதுவது. நாங்கள் அத்தனை பேரும் கேட்டும் வராத கதை, கேட்காத இடத்தில் தானாக வந்திருக்கிறது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் எங்கள் பசுக் கன்று போட்டதைச் சொன்னானாம். யானைக்கு வெடி கொளுத்த அப்பாவோடு வயல் வாடியில் இரவு தங்கியதைச் சொன்னானாம். கனநாள் கழித்துத்தான் மற்றதையும் சொல்லியிருக்கிறான். அதை மாமி யாருக்கும் காவித் திரியவில்லை. என்னிடம்கூட, "அது அவன் சொல்லுவான், நீங்க பொறுங்க" என்றார். அவனும் சொன்னான்.

நான் அவரிடம் கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. "கோப்பை கழுவுற ஆளுக்குத் தெரியாதா" என்றார். கிழமை நாட்களில் அவன் கோப்பை வெறுமையாக வருமாம். சனி இரவும் ஞாயிறு பகலும் மட்டும் சோறு பாதியில் வருமாம். மாதக்கணக்காக அதைக் கவனித்திருக்கிறார். வாயால் சொல்லியும் இருக்கிறார். வயசுப் பொடியன், அப்படித்தான் என்று கேட்டவர்கள் விட்டுவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போக நான் இதை எழுதவில்லை. ஆனால் விடுதி நடத்துகிற எல்லோரும் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆசிரியர் புள்ளியைப் பார்க்கிறார், பொறுப்பாளர் இடாப்பைப் பார்க்கிறார். பிள்ளையின் கோப்பையைப் பார்க்கிறவர் குசினியில் இருக்கிறார். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

வைத்தியசாலையில் எங்களோடு கதைத்த மனநல வைத்தியரும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். சாப்பாடு குறைவது, நித்திரை மாறுவது, விருப்பமான விளையாட்டை விட்டுவிட்டு ஒதுங்குவது, இவை கிழமைக்கணக்கில் நீண்டால் அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எடுக்கக்கூடாது என்றார். மருந்து தேவைப்படுகிற பிள்ளைக்கு மருந்து வேண்டும், அதோடு சேர்த்து நம்பிக் கதைக்க ஒரு பெரிய ஆளும் வேண்டும் என்றார். என் மகனுக்கு அந்தப் பெரிய ஆள் அடுப்படியில் கிடைத்தார்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து பிள்ளையை விடுதியில் விடுகிற எங்களைப் போன்றவர்களுக்குச் சனி ஞாயிறு எப்படிப் போகும் என்பது கிழக்கே எழுவான்கரை ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தூரம் என்று பார்த்தால் 30 கிலோமீற்றர்தான் இருக்கும். ஆனால் நடுவில் வாவி. பாதை ஓடுகிற நேரம் பார்க்க வேண்டும், பஸ் பார்க்க வேண்டும், மாரியில் வெள்ளம் பார்க்க வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு 2014இல் மண்முனைப் பாலம் வந்தது, அவர்கள் நினைத்த நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எங்கள் பக்கம் விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் ஒருநாள் வயலை விட்டு அசைய ஏலாது. பெரும்போகம் விதைத்துவிட்டால் இவன் அப்பா வாடியிலேதான். வாகரை, திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

போன் இருக்கிறதுதானே என்பார்கள். விடுதியில் பிள்ளைகளிடம் போன் இல்லை, அது நல்லதுதான். ஞாயிறு பின்னேரம் பொறுப்பாளரின் போனில் வரிசையில் நின்று கதைக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எந்தப் பிள்ளை "அம்மா எனக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்லும்? "நல்லா இருக்கன்" என்றுதான் சொல்லும். நானும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு மட்டும் நிம்மதியாக இருப்பேன்.

கிழமை நாளில் மணி அடிக்கும், எழும்பும், ஓடும். யோசிக்க நேரமில்லை. சனி காலையில் ரியூசன், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, அதுவரைக்கும் பரவாயில்லை. அதற்குப் பிறகு வருகிற பின்னேரங்கள்தான் பிள்ளையை அரிக்கின்றன. அந்த நேரத்துக்கும் இன்னொரு பாட வகுப்பை வைத்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். க.பொ.த. பெறுபேறு எனக்கும் முக்கியம். ஆனால் பிள்ளைக்குக் கையால் செய்ய ஒரு வேலை, கூட நிற்க ஒரு கூட்டம், சிரிக்க ஒரு காரணம் வேண்டும்.

இப்போது மாற்றம் வந்திருக்கிறது. அதற்காக விடுதிப் பொறுப்பாளருக்கும் என் மனதார்ந்த நன்றி. பிள்ளைகள் குசினிக்குள் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். அதை அவர் தளர்த்தினார், கொதிக்கிற எண்ணெய்ப் பக்கமும் பெரிய சோற்றுப் பானைப் பக்கமும் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. சனி பின்னேரத்தில் பாட வகுப்பு எதுவும் இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டார். ஒரு ஆசிரியர் பொடியன்களைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கரப்பந்து விளையாட விடுகிறார், தண்ணீரில் இறங்க விடுவதில்லை, அதற்கும் நன்றி சேர். கூத்துப் பழக்குகிற வயதான அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்து வடமோடிக் கூத்து ஆட்டம் பழக்கத் தொடங்கியிருக்கிறார். காசு வாங்குவதில்லை. என் மகனுக்குத் தாளம் நிற்கவில்லையாம், ஆனால் வட்டக்களரியில் கடைசி ஆளாக நின்றாவது ஆடுகிறானாம். எங்கள் ஊரில் அவன் தாத்தா ஆடிய ஆட்டம் அது. அதை ஒரு விடுதி முற்றத்தில் என் பிள்ளை படிப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

குசினியிலும் இப்போது அவன் தனி ஆள் இல்லை. வாகரைப் பக்கத்துச் சின்னப் பொடியன் ஒருவன், தரம் 6, ஞாயிறு பின்னேரம் வடக்கே போகிற பஸ் சத்தம் கேட்டால் கேற்றில் போய் நின்று அழுவானாம். அவனை என் மகன்தான் முதலில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். "மாமி, இவனுக்கு மா அரிக்கக் குடுங்க" என்று. அந்தச் சின்னவன் இப்போது அரிதட்டை வேறு யாருக்கும் கொடுப்பதில்லையாம். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. தனக்குக் கிடைத்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மாமி, சனிக்கிழமை பின்னேரம் உங்களுக்கு ஓய்வு நேரம் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். நீங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்களுக்குக் கை நோகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் பிள்ளை உங்களுக்கு உதவி செய்கிறான் என்று அவனை நம்ப வைத்தீர்கள். யாருக்கும் உதவாத ஆளாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்து ஏது. உங்களுக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்தேன், வாங்க மறுத்துவிட்டீர்கள். சம்பளத்துக்குத்தானே செய்கிறேன் என்றீர்கள். அப்படிச் சொல்ல வேண்டாம். இதற்கு யாரும் உங்களுக்குச் சம்பளம் தரவில்லை.

அதனால் என் ஊர்ப் பெண்கள் சிலரோடு பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் விடுதிக்கு வந்து வீட்டுக்குப் போகாத பிள்ளைகளுக்குச் சமைப்போம். அரிசி எங்கள் வயலில் இருக்கிறது, தயிர் எங்கள் மாட்டில் இருக்கிறது, மீன் துறையில் வாங்கலாம். விதைப்பு வெட்டுக் காலத்தில் எங்களால் வர முடியாமல் போகும், அந்த மாதங்களை எடுத்துக்கொள்ள வேறு ஊர்த் தாய்மார் யாராவது முன்வந்தால் நல்லது. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், விரும்புகிறவர்கள் அவரிடமே சொல்லலாம். சொந்தப் பிள்ளையோடு மட்டும் இருந்துவிட்டுப் போகிற நாளாக அது இருக்கக்கூடாது. யாரும் பார்க்க வராத பிள்ளைகளோடு இருந்து சாப்பிட வேண்டும். அவர்களிடம் புள்ளி எத்தனை என்று கேட்க வேண்டாம்.

முதல் சமையல் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு. மாமி, அன்றைக்கு நீங்கள் கரண்டி தொடக்கூடாது. பிள்ளைகளோடு பந்தியில் உட்காருங்கள், உங்களுக்கு என் மகன் பரிமாறுவான்.