மூன்று வாரம், மூன்று பந்தயம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெண்கள் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். முழங்கால் இப்போது தேவலையா? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஸ்பானிய மொழி என்னைவிட நன்றாக வருகிறது. கடையில் அவள்தான் எனக்காகப் பேசுகிறாள்.

பெண்கள் சைக்கிள் ரேஸில் ஒரு பந்தயம் முடிந்து நாலே நாளில் அடுத்ததை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நீ மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஓடியவள். ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்று ஓடிய மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் யார் ஜெயித்தார்கள் என்றுதான் கேட்பார்கள். அதனால் உனக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்களுக்கு மூன்று வாரப் பந்தயங்கள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 21 நாள் ஓட்டவேண்டும், நடுவில் ஓய்வு நாளும் உண்டு. பெண்களுக்கு அந்த நீளத்தில் எதுவும் இல்லை. பெண்கள் டூர் த பிரான்ஸே 2025இல்தான் 9 நாள் ஆனது. ஆனால் 2024 மே மாதத்தை எடுத்துக்கொள். ஏப்ரல் 28இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயமான வுவெல்டா தொடங்கி மே 5இல் முடிந்தது. 10 முதல் 12 வரை வடக்கு ஸ்பெயினில் எங்கள் பாஸ்க் நாட்டில் இட்சுலியா பந்தயம். 16 முதல் 19 வரை ஸ்பெயினிலேயே புர்கோஸ் பந்தயம். கூட்டிப் பார்த்தால் 22 நாளில் 15 நாள் பந்தயம். நெதர்லாந்து வீராங்கனை டெமி வோலரிங் இந்த மூன்றையும் வென்றார்! பிறகு ஜூனில் சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயத்தையும் வென்றார்.

இதில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றி என்பதால், மூன்று வாரப் பந்தயத்தில் முதல் வாரம் மலையில் மற்றவர்களை முந்தி எடுத்த ஒரு நிமிடம் கடைசி நாள்வரை உன்னுடையதாக இருக்கும். அதைக் காப்பாற்றினால் போதும். இங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை மேடையிலிருந்து இறங்கியதும் அந்த நிமிடம் போய்விடும். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மறுபடி பூஜ்யம். உடம்பு மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை.

மனசும்தான். 2023 வுவெல்டாவின் ஆறாம் நாள் வோலரிங் சிறுநீர் கழிக்கச் சாலையோரம் நின்ற நேரத்தில், பக்கக் காற்றில் முன்னால் இருந்தவர்கள் வேகமெடுத்துப் பிய்த்துக்கொண்டு போனார்கள். அன்று ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். மறுநாள் கோவதோங்கா மலை ஏரிகளுக்குப் போகும் ஏற்றத்தில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய் வென்றார். ஆனால் மொத்தக் கணக்கில் அன்னமீக் வான் ஃப்ளூட்டனிடம் 9 வினாடியில் தோற்றார். ஏழு நாள் ஓட்டி 9 வினாடி! அதை நினைத்து அழுவதற்குக்கூட அவகாசம் இல்லை, ஐந்தாம் நாள் இட்சுலியா. அதை அவருடைய அணித்தோழி மார்லென் ரோய்சர் வென்றார். அடுத்த வாரம் புர்கோஸை வோலரிங் வென்றார். இந்த மூன்று வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, நடுவில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். நீ நம்பமாட்டாய், இவர்களுடைய முக்கியமான உணவு நம் சோறுதான். வண்டி ஓட்டும்போது மணிக்கு 90 கிராமோ அதற்கு மேலோ மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். அதற்கு ஜெல், பானம், அப்புறம் சோற்றைக் குழைத்து அழுத்தி வில்லையாக வெட்டிக் காகிதத்தில் சுற்றித் தருகிற கேக். முடிந்த கையோடு இன்னொரு கிண்ணம் சோறு. தசையில் தீர்ந்துபோன சர்க்கரை ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். தசைநாரில் விழுந்த சேதமும் தூக்கக் கடனும் அவ்வளவு சீக்கிரம் தீராது. ஓய்வு நாளிலும் சும்மா படுத்திருக்க மாட்டார்கள், ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக மிதிப்பார்கள். ஒரு நாள் அடுத்த ஊருக்கான பஸ் பயணத்தில் போய்விடும். மூன்று வாரம் என்றால் பலருக்கு மாதவிலக்கும் அதற்குள் வந்துவிடும். அதற்காகப் பந்தயம் நிற்காது.

ஒரு வருஷம் சான் செபாஸ்டியனுக்குப் பக்கத்து ஏற்றத்தில் நின்று இட்சுலியாவின் கடைசி நாளைப் பார்த்தேன். முன்னால் போன ஐந்தாறு பேரை டிவியிலும் பார்க்கலாம். நான் அங்கே நின்றது பின்னால் வந்தவர்களுக்காக. ஒருத்தியின் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. போன வாரம் விழுந்ததாக இருக்கவேண்டும், கட்டின் ஓரம் பழுப்பாகி இருந்தது. இவர்கள் ஜெயிக்கவேண்டிய அணித் தலைவிக்குத் தண்ணீர் கொண்டுவந்து, காற்றை மறித்து, ஏற்றத்தின் அடியில் கழன்றுகொள்கிறவர்கள். ஆண்கள் அணியில் முப்பது பேர்வரை இருப்பதால் ஆள் மாற்றி அனுப்பலாம். பெண்கள் அணிகள் பெரும்பாலும் இருபது பேருக்குள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் நேற்று வந்தவள்தான் இன்றும் வரவேண்டும். பெரிய அணிகளில் 2020இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் வந்ததால் இந்த நாலு நாளாவது ஓய்வெடுக்க முடிகிறது. அதற்கு முன்னால் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள்.

ஜூலைக் கதை இன்னும் கடினம். 2022இல் வான் ஃப்ளூட்டன் இத்தாலி சுற்றுப் பந்தயமான ஜீரோவை வென்று இரண்டு வாரத்தில் டூருக்கு வந்தார். வயது 39. முதல் நாட்களில் வயிறு கெட்டு எதுவும் தங்கவில்லை. தப்பிப்பிழைத்து ஏழாம் நாள் மலையில் தனியாகப் போய் எல்லோரையும் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தள்ளினார். இரண்டையும் வென்றார். அதைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வந்தது. 2025இல் என்ன ஆனது? ஜீரோ ஜூலை 13இல் முடிந்தது. எலிசா லோங்கோ போர்கினி முதலிடம், ரோய்சர் இரண்டாமிடம். ரோய்சர் மே மாதம் வுவெல்டாவில் இரண்டாவது, புர்கோஸில் முதல், ஜூனில் சுவிட்சர்லாந்திலும் முதல். ஜூலை 26இல் டூர் தொடங்கியது. ரோய்சர் முதல் நாளே உடம்பு முடியாமல் பந்தயத்தை விட்டு இறங்கிவிட்டார். லோங்கோ போர்கினி மூன்றாம் நாள் வண்டி ஏறவில்லை, அவருக்கும் வயிறுதான். வென்றவர் ஜீரோவுக்குப் போகவே போகாத போலின் ஃபெரான்-ப்ரெவோ.

இதைக் காட்டி, பார்த்தாயா, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஃபெரான்-ப்ரெவோ டூரில் மடலென் மலையில் ஏறியதைப் பார்த்து நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனாலும் ரோய்சர் முதல் நாள் இறங்கியதைத் தோல்வி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மே மாதத்திலிருந்து அவர் மேடை ஏறாத மாதமே இல்லை. டூர் ஒன்றைத்தான் உலகம் பார்க்கிறது என்பதற்காக மற்ற மூன்று மாத உழைப்பு சின்னதாகிவிடுமா?

2026இல் ஜீரோவை மே கடைசிக்கு நகர்த்துகிறார்கள். டூருக்கு முன் நல்ல இடைவெளி கிடைக்கும், அது நல்லது. ஆனால் ஸ்பெயினில் மூன்று பந்தயமும் மே மாதம்தானே? அதன் வாலிலேயே ஜீரோ வந்து நிற்கும். தலைவிகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்தாளே, அவளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

எழுதிக்கொண்டே போகிறேன். வருகிற மே மாதம் நீ இங்கே வருவதாக இருந்தால் இப்போதே சொல், விசாவுக்கு வேண்டிய கடிதம் எல்லாம் நான் அனுப்புகிறேன். இட்சுலியா கடைசி நாள் பார்க்கிற மாதிரி டிக்கெட் போடு. ஏற்றத்துக்கு நடக்கவேண்டும், அதற்குள் முழங்காலைச் சரிசெய்துகொள்.

அன்புடன்,
மீனா