பிரவுன் குப்பைத் தொட்டி வந்த கதை

அன்புள்ள மீனா,

உன் லெட்டர் படிச்சேன்டி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விடச் சொல்லு. உங்க குடியிருப்போர் சங்கத்துல உன்னைய செயலாளரா போட்டுருக்காங்க, நீ எடுத்த முதல் வேலையே வீடு வீடா மக்கும் குப்பைய தனியா வாங்குறதுன்னு எழுதியிருந்த பாரு, அத ரெண்டு தடவ படிச்சேன். திருச்சில அரியமங்கலம் குப்பைக் கிடங்கு பக்கம் பஸ்ஸு போறப்ப மூக்க பொத்திக்கிட்டே போன ஆளுங்கதான நாம.

நியூயார்க்ல எப்படி பண்றாங்கன்னு கேட்டிருந்த. இங்க ஊரோட குப்பைல மூணுல ஒரு பங்கு சாப்பாட்டு மிச்சமும் இலை தழையும்தான். அத தனியா வாங்குறத 2013லயே சின்ன அளவுல ஆரம்பிச்சாங்க, அப்புறம் கொரோனா வந்தப்ப 2020ல பட்ஜெட் இல்லன்னு நிறுத்தியாச்சு, 2022 அக்டோபர்ல நாங்க இருக்குற குயின்ஸ் பரோ (ஊர அஞ்சா பிரிச்சதுல ஒரு பகுதி) முழுசுக்கும் திரும்ப கொண்டு வந்தாங்க, ஜனங்க பழகுற நேரம் பாத்து டிசம்பர்ல குளிர்காலம்னு ஒரு பிரேக், மார்ச்ல மறுபடி. 2023ல ப்ரூக்ளின், அப்புறம் 2024 அக்டோபர் 6லேந்து அஞ்சு பரோவுக்கும். எனக்கு இதுல பெரிய வருத்தமே அந்த நிறுத்தி நிறுத்தி ஓட்டுனதுதான். ஒரு வீட்டுல புதுசா ஒரு பழக்கம் வர்றதுக்கு எத்தன மாசம் ஆகுது, அது விட்டுப் போறதுக்கு ரெண்டு வாரம் வண்டி வரலன்னா போதும். அதனால நீ சின்னதா ஆரம்பி, நாலு தெருவோட ஆரம்பி, ஆனா ஆரம்பிச்சா நிறுத்தாத.

இங்க நல்லா பண்ண விஷயம்னா ரூல ரொம்ப எளிசா வச்சது. சோறு, எலும்பு, மீன் தலை, தயிர், டீத்தூள், எண்ணெய் பட்ட பீட்ஸா அட்டை, தோட்டத்து இலை எல்லாமே ஒரே பிரவுன் பின்ல, அதான் பிரவுன் கலர் குப்பைத் தொட்டில, போடலாம், பேப்பரும் பாட்டிலும் எடுக்குற அதே நாள்ல இதையும் எடுத்துட்டு போயிடுவாங்க. தனி நாள் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. எங்க வீட்டுல முருங்கக்காய் சக்கை, வெங்காயத் தோல், சாம்பார்ல ஒதுக்குன கருவேப்பிலை எல்லாம் அடுப்புக்கு பக்கத்துல ஒரு மூடி போட்ட டப்பாவுல விழுந்துடும், மீன் வாங்குன அன்னிக்கு மட்டும் குடல், செதில பேப்பர் பைல சுத்தி ஃப்ரீசர்ல வச்சுட்டு வண்டி வர்ற முந்தின ராத்திரி பின்ல போட்டுடுவோம். பின்னுக்கு அடில பழைய நியூஸ்பேப்பர் ரெண்டு தாள் விரிச்சா ஆகஸ்ட் வெயில்லயும் நாத்தம் அவ்ளோ இருக்காது. மூடில ஒரு கொக்கி இருக்கு, அத மாட்டிட்டா எலி, ரக்கூன் எதுவும் தொறக்க முடியாது. முன்னெல்லாம் சாப்பாட்டு குப்பைய கருப்பு பைல கட்டி பிளாட்பாரத்துல அடுக்கி வைப்பாங்க, எலிக்கு தினமும் கல்யாண விருந்துதான். நவம்பர்ல மேப்பிள் இலை கொட்டுறப்ப அத பேப்பர் மூட்டைல கட்டி அந்த பின்னுக்குப் பக்கத்துல வச்சா அதையும் எடுத்துக்குவாங்க.

இது எங்க போகுதுன்னு நீ கேப்ப. ஒரு பங்கு ஸ்டேட்டன் ஐலண்டுங்குற இன்னொரு பரோவுக்கு போய் கம்போஸ்ட் ஆகுது, ஃப்ரெஷ் கில்ஸ்னு உலகத்துலயே பெரிய குப்பை மேடா இருந்த இடம், 2001ல மூடுனது, அங்கதான் இப்ப உரம் தயாராகுது, அந்த உரத்த ஊர் மக்களுக்கு இலவசமாவும் குடுக்குறாங்க. இன்னொரு பங்கு ப்ரூக்ளின்ல நியூடவுன் க்ரீக் கழிவுநீர் நிலையத்துக்கு போகுது, கூழா அரைச்சு சாக்கடை கழிவோட சேத்து காத்து படாத பெரிய பெரிய முட்டை வடிவ தொட்டில போடுவாங்க, அதுலேந்து கேஸ் வரும், அது வீட்டு அடுப்புக்கு போற பைப்புல சேருது. கிராமத்துல சாண எரிவாயு எடுப்பாங்கள்ல, அதே வேலைதான் பெருசா. எனக்கு உரம்தான் பிடிக்கும், மண்ணுக்கு திரும்பிப் போறது கண்ணுக்கு தெரியுதுல்ல. ஆனா எப்படி பாத்தாலும் குப்பை மேட்டுல புதைக்குறதுக்கு இது எவ்வளவோ மேல், அங்க காத்து இல்லாம அழுகி மீத்தேனா வெளிய வருது, 20 வருஷ கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்ஸைட விட 80 மடங்குக்கு மேல சூடேத்துற வாயு அது.

ஃபைன் கதையும் கேளு. 2025 ஏப்ரல் 1லேந்து பிரிக்காம போட்டா சின்ன வீட்டுக்கு 25 டாலர்னு ஆரம்பிச்சாங்க, ரெண்டு மூணு வாரத்துலயே எதிர்ப்பு வந்து அந்த வருஷம் முடியுற வரைக்கும் பெரிய அபார்ட்மெண்ட்டுக்கு மட்டும்னு தளர்த்திட்டாங்க. ஃபைன் வேணாம்னு நான் சொல்லல, ஆனா அது கடைசில வர வேண்டியது. அதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும். எங்க பக்கத்து வீட்டு பாட்டி ரொம்ப நாளா பிரிக்கவே மாட்டேன்னாங்க, எல்லாத்தயும் ஒரே லாரில கொட்டுறாங்க நான் எதுக்கு பிரிக்கணும்னு. ஒருநாள் லாரி நிக்குறப்ப கூட்டிட்டு போய் காட்டுனேன், உள்ள நடுவுல தடுப்பு வச்சு ரெண்டு பக்கமா பிரிச்சிருக்கு. அடுத்த வாரமே அவங்களோட பிரவுன் பின்னும் வாசல்ல நின்னுச்சு. உங்க தெருவுலயும் முதல்ல வண்டில மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனியா எடம் இருக்கான்னு பாத்துக்க. இல்லன்னா பிரிச்சுக் குடுக்குறவங்க கண்ணு முன்னாடியே ஒண்ணா கொட்டுவாங்க, அப்புறம் நீ எத்தன மீட்டிங் போட்டாலும் எவளும் பிரிக்க மாட்டா.

அப்புறம் வண்டியோட வர்ற தூய்மைப் பணியாளர் அக்காங்கள முதல் மீட்டிங்குக்கே கூப்பிடு, நாற்காலி போட்டு உக்கார வை. சோத்துக்குள்ள கிடக்குற பிளேடு, உடைஞ்ச கண்ணாடி, நாப்கின் எல்லாம் அவங்க கையிலதான் படுது, எந்த வீடு பிரிக்குது எந்த வீடு பிரிக்கலன்னு அவங்களுக்குதான் தெரியும். மத்திய அரசோட 2016 குப்பை விதில மக்கும், மக்காத, அபாயகரமான குப்பைன்னு மூணா பிரிக்கணும்னு இருந்துச்சு, 2026 ஏப்ரல்லேந்து புது விதிப்படி ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் மாதிரி சுகாதாரக் குப்பை, தனியா கையாள வேண்டிய குப்பைன்னு நாலா பிரிக்கணும், அத எல்லார் வீட்டுக்கும் ஒரு சின்ன நோட்டீஸ்ல அடிச்சுக் குடு, படத்தோட.

உரம் ஆக்குற மையம் உங்க வார்டுல எவ்ளோ தூரம், ஒரு நாளைக்கு எத்தன வீட்டுக் குப்பைய தாங்கும்னு விசாரிச்சு எழுது. ஜனவரில நான் ஊருக்கு வர்றேன், உன்கூட ஒரு காலைல வண்டி பின்னாடியே நடந்து வர்றேன், அந்த அக்காங்ககிட்டயும் பேசணும்.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்,
கலா