கடையடைத்து வந்தவர்களுக்கும், வர முடியாமலே உதவியவர்களுக்கும்

அன்புள்ள பஜார் மக்களுக்கு,

வணக்கம். 2020 ஜூனில் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் ஜெயராஜ் அண்ணாச்சிக்கும் அவர் மகன் பென்னிக்ஸுக்கும் நீதி கேட்டு நாம் தெருவில் நின்றோமே, அன்று வந்து நின்றவர்களுக்கு அங்கேயே கைகூப்பி நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் பெரும்பாலும் பின்னால் இருந்து செய்தவர்களுக்கு. யார் பெயரையும் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கும் இதே ஸ்டேஷன் எல்லைக்குள்தான் எல்லோரும் பிழைப்பை நடத்த வேண்டும்.

கடைக்காரனுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள உறவு வெளியாட்களுக்குப் புரியாது. வாசலில் நிற்கும் பைக், வெளியே தள்ளி வைத்த ஸ்டாண்டு, எதைச் சொல்லியும் ஜீப் வந்து நிற்கலாம். ஊரடங்கு வந்தபிறகு கேட்கவே வேண்டாம். ஜூன் 19 அன்று ஜெயராஜ் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனதும் கடை மூடும் நேரத்தைச் சொல்லித்தான். என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன மகனையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன், விடிவதற்குள் அப்பா, இருவருமே கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். அவர்களுடையது செல்போன் கடை. என்னுடையதும் அதுதான். அந்த வாரம் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்காத கடைக்காரர் நம் மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டார்.

அதோடு, 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 13 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதைப் பார்த்த மாவட்டம் இது. போராட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டில் அம்மாக்கள் வாசலை மறித்து நின்றதில் தப்பே இல்லை. அப்படிப் பயந்தவர்கள்தான் நமக்கு உதவினார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி. “அண்ணாச்சி, நான் அடிச்சா கீழே என் கடை பேர் வரணும். பேர் வந்தா மறுநாள் நான் கடை திறக்க முடியாது” என்று நேராகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி என் வீட்டு வாசலில் பழைய ஃப்ளெக்ஸ் ஒரு சுருள், பின்பக்கம் வெள்ளை, கூடவே ஒரு டப்பா கறுப்பு பெயின்டும் பிரஷ்ஷும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் வீட்டில் இருந்த பிள்ளைகள்தான் எழுத்தெல்லாம் எழுதினார்கள். அவர்கள் கையெழுத்து அச்சைவிட நன்றாக இருந்தது. அது போதாமல் செல்போன் வந்த அட்டைப்பெட்டிகளையும் கிழித்து எழுதினோம்.

டெய்லர் அக்கா தைத்துக் கொடுத்த கறுப்பு மாஸ்க்குக்கு நன்றி. கொரோனாவுக்கும் ஆயிற்று, துக்கத்துக்கும் ஆயிற்று. முகம் தெரியாமல் இருந்ததில் சிலருக்கு வந்த தைரியமும் அக்கா கணக்கில்தான் சேரும்.

எங்கே நிற்பது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்று தடை. மளிகைக் கடை அண்ணாச்சிதான் தன் கடை வாசலைக் காட்டினார். சாமான் வாங்க வருகிறவர்கள் இடைவெளி விட்டு நிற்பதற்காக அரசு சொல்லிப் போட்ட வெள்ளை வட்டங்கள் அங்கே வரிசையாக இருந்தன. “வட்டத்துக்கு ஒருத்தரா நில்லுங்க, எவன் கேட்பான்?” என்றார். அவர் கடையில் இருந்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று வட்டத்துக்கு ஒருவராகப் பஜார் முழுக்க நின்றோம். சத்தமாகக் கோஷம் போட ஆசைப்பட்ட இளவட்டங்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு என்னவோ அதுதான் சரி என்று பட்டது.

தூத்துக்குடியில் இருந்து ஸ்கூட்டியில் வந்த வழக்கறிஞர் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசும் வாங்கவில்லை, மைக்கும் கேட்கவில்லை. ஓரமாக நின்று, யாரையாவது வண்டியில் ஏற்றினால் உடனே பேசத் தயாராக போனைக் கையிலேயே வைத்திருந்தார். அதற்கு முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதிகள் அவை. கைது செய்கிறவர் பெயர்ப்பட்டையோடு இருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் போட்டு, குடும்பத்தில் ஒருவரோ ஊரில் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவர் பார்க்க வேண்டும். இத்தனை வருடமாகக் கடை நடத்துகிறோம், இதில் ஒரு வரிகூட நமக்குத் தெரியாது. ஜிஎஸ்டி தெரியும், இது தெரியாது.

நுங்கு விற்கும் சித்தி, விற்காத நுங்கு என்று பொய் சொல்லி வெட்டிக் கொடுத்தீர்கள். மயங்கி உட்கார்ந்த பெரியவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரத் தம்பி, பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி, பாதித் திறந்து இரண்டு பக்கமும் நல்லவராக நின்ற அண்ணாச்சிக்கும் நன்றி. அந்தப் பாதி ஷட்டருக்குள் இருந்த பாத்ரூமைத்தான் பெண்கள் எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

கடைசியில் வந்து முன்வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போன கட்சிக்காரர்களுக்கு நன்றி தேவைப்படாது. அவர்களே போஸ்டர் ஒட்டிக்கொண்டார்கள்.

பாதுகாப்புக்கு வந்த காவலர்களில் ஒருவர், வயது மூத்தவர், மாஸ்க்கை இறக்கி மெதுவாகச் சொன்னார்: “நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். நின்னுட்டு அமைதியாப் போங்க.” அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் இரண்டு உயிர் போன வழக்கில் இந்த மெதுவான குரல் மட்டும் போதாது என்பதையும் அவருக்குச் சொல்லிவிட ஆசை.

போதுகிற குரல் ஏட்டு ரேவதியுடையது. அந்த இரவு அதே ஸ்டேஷனில் பணியில் இருந்தவர். மேசையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருந்தது என்று விசாரிக்க வந்த நீதித்துறை நடுவர் பாரதிதாசனிடம் சாட்சி சொன்னார். வெளியே சக காவலர்கள் நிற்க, பயந்து நடுங்கியபடிதான் சொன்னார் என்று நடுவரே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். ஸ்டேஷன் கேமராப் பதிவுகளோ, தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. ரேவதி அம்மா, உங்களை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு மறுநாள் போக ஒரு கடை இருந்தது. உங்களுக்குப் போக அந்த ஸ்டேஷன்தான் இருந்தது. உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் பிரகாஷ், புகழேந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். யாரும் மனு போடுவதற்குக் காத்திருக்காமல் தாமாகவே வழக்கை எடுத்தவர்கள் அவர்கள். ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டதை நம் பக்கத்தில் முன்னே பின்னே யாரும் கேள்விப்பட்டதில்லை.

இன்னொருவரை விட்டுவிடக் கூடாது. பென்னிக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடையின் கேமராவில் பதிவான காட்சி வெளியே வந்ததே, அதை அழிக்காமல் வைத்திருந்தவர் யாரோ, அவர். தரையில் உருண்டு புரண்டதில் காயம் பட்டது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அந்தக் காட்சி காட்டிவிட்டது. நம்மில் பலர் கேமரா வைத்திருப்பது திருட்டுக்குப் பயந்து. அவர் கேமரா வேறு வேலை பார்த்தது.

ஜூலை 1 முதல் கைதுகள் நடந்தன, அதே மாதம் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. சாட்சிகள் இன்னும் பல தடவை மதுரைக்கு அலைய வேண்டியிருக்கும்.

வசூலான பணத்தில் பெயின்ட், துணிச் செலவு போக மீதியைச் சாத்தான்குளம் வியாபாரிகளிடம் ஒப்படைக்கிறோம். கணக்கு என் கடையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வழக்கறிஞர் அக்காவின் அந்த ஒரு பக்கத்தை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் கடைக்கும் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் கேளுங்கள், இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரன்
ஜூலை 2020