அப்பச்சிக்கு, தபால் போன பிறகு

அப்பச்சி,

தபால் போயிருச்சு. நேத்து மத்தியானம், ஒப்புகை அட்டை வச்சு, எம் மகனுக்குப் பல்லு பாத்த டாக்டரப் பத்தி எழுதின புகார, சென்னையில இருக்கிற மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை அந்த டாக்டரோட சித்தப்பா வந்து பேசுறவரைக்கும் பொறுன்னு சொன்னீங்க. பொறுத்தா நான் அனுப்ப மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் பொறுக்கச் சொன்னீங்க.

நேர்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நான் ஆரம்பிச்சதும் நீங்க கண்ணாடியக் கழட்டித் துண்டால துடைப்பீங்க, நான் பாதியில நிறுத்திட்டு காபி கலக்கப் போயிருவேன். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அப்பாவும் மகளுமா நம்ம ரெண்டு பேரும் இப்படித்தான் பேசியிருக்கோம். எல்லாரும் படிக்கிற எடத்துல எதுக்கு எழுதுறன்னு கேப்பீங்க. முன்னோருக்குப் படைப்பு போட்ட அன்னைக்கு வளவு முத்தத்துல நின்னு நான் கத்தினது ஏற்கனவே ஊர்ச்சொத்து ஆயிருச்சு. காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் சுத்தி, சிங்கப்பூர் வரைக்கும் போய், அங்க இருக்கிற எங்க வீட்டுக்காரவுக மூலமா எனக்கே திரும்பி வந்துச்சு. வந்து சேர்றப்ப நான் உங்கள அடிக்கக் கை ஓங்கினதா இருந்துச்சு. அதனால நடந்தது நடந்தபடி ஒரு எடத்துல இருக்கட்டும்.

டாக்டர் பேரோ, கிளினிக் இருக்கிற தெருவோ இதுல வராது. தெரிஞ்சவங்க மனசோட வச்சுக்கங்க. அவர் மேல தீர்ப்பு எழுத நான் யாரும் இல்ல. எக்ஸ்ரே எடுக்காம 9 பல்லு சொத்தைன்னு எப்படி முடிவாச்சு, பெத்தவகிட்டக் கேக்காம எப்படி ஆரம்பிச்சாங்க, பிள்ளை வாயப் பொத்தச் சொன்னது யாரு: கவுன்சில்கிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். அவங்க விசாரிக்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். இந்தக் கடுதாசி அவருக்கு இல்ல.

அன்னைக்கு கிளினிக் மாடிப்படி ஏறும்போதே அவன் குரல் கேட்டுச்சு. போன்ல "சும்மா காட்டத்தான் வந்தோம், இன்னைக்கே முடிச்சிரலாங்கிறாரு"ன்னு சொன்னீங்க. நான் வர்றேன், அதுவரைக்கும் எதுவும் வேண்டாம்னு சொன்னேன். நீங்க "சரி சரி"ன்னீங்க. எங்க விழுந்தாலும் "அம்மா"ன்னு கத்துற பிள்ளை, அன்னைக்கு உங்களக் கூப்பிட்டு "ஐயா, ஐயா"ன்னு கத்தினான். படியில எனக்கு ஒரு நொடி நிம்மதியாக்கூட இருந்துச்சு. அப்பச்சி பக்கத்துலதான் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு. கதவத் தள்ளினா, அவன் முழங்கால் ரெண்டையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நீங்க. யாரக் கூப்பிட்டானோ அவர் கையிலதான் அவன் கால் இருந்துச்சு.

உங்க கண்ணு மூடியிருந்துச்சு. உதடு மட்டும் "முருகா, முருகா"ன்னு அசைஞ்சுச்சு. அவன் ஒண்ணுக்குப் போய் உங்க வேட்டியெல்லாம் ஈரம். மிஷின் நின்ன நேரம் பாத்து அவன் கத்த, உதவிக்கு நின்ன பொண்ணு உள்ளங்கையால வாயப் பொத்துச்சு. டாக்டர் திரும்பிப் பாக்காமலே "வலி இல்லம்மா, பயந்தான்"ன்னாரு. நீங்களும் கண்ணத் திறக்காம "பயந்தான்"ன்னீங்க.

அவர் சொன்னத நான் எப்பவோ விட்டுட்டேன். நீங்க சொன்னத விட முடியல.

கீழ்த்தாடைக்குப் போடுற ஊசி, உதடும் நாக்கும் மரத்துப்போகச் சில நிமிஷம் எடுக்கும். சீழ் வச்ச பல்லுன்னா ஒழுங்கா மரக்காமலும் போகும். பிள்ளை வலிக்குதுன்னா நிறுத்தணும், இன்னொரு ஊசி போட்டுப் பாக்கணும், இல்லாட்டி வேற ஒரு நாள் வரச் சொல்லணும். வாயப் பொத்தி அடக்குறது ஒரு காலத்துல பாடத்துலயே இருந்த முறைதான். அமெரிக்காவுல குழந்தைப் பல் மருத்துவர்களோட சங்கம் 2006-ல தன் வழிகாட்டுதல்லருந்து அதை எடுத்துருச்சு. இதெல்லாம் நான் பின்னால படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. ஆனா 5 வயசுப் பிள்ளை கத்தினா ஏன் கத்துதுன்னு ஒருவாட்டி கேக்குறதுக்கு எந்தப் படிப்பு வேணும்?

அதுவும் நீங்க. பழைய சாமான் கடைங்க இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுல உங்களுக்கு என்ன பேருன்னு நான் சொல்லணுமா? ஒரு எனாமல் தூக்கு கடைக்கு வந்தா அடியத் திருப்பி முத்திரையப் பாப்பீங்க. ஸ்வீடனா ஜப்பானான்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் கீழ வைக்க மாட்டீங்க. நகத்தால தட்டிக் காதுல வாங்குவீங்க. மூடி அதே செட்டுதானா, எந்த வீட்டுலருந்து வந்துச்சு, ஏன் விக்கிறாங்கன்னு கொண்டு வந்தவன் சலிச்சுப் போற அளவுக்குக் கேப்பீங்க. அப்படிப்பட்டவர் 9 பல்லு, 4 ரூட் கேனால், 6 கேப், மொத்தம் 42,000 ரூபான்னு எழுதின தாளைத் திருப்பிக்கூடப் பாக்கல. இடுப்புலருந்து 15,000 எடுத்து முன்பணமா வச்சீங்க. இங்கிலீஷ் தாள்ல, காப்பாளர் கையெழுத்துப் போடுற எடத்துல, உங்க அழகான தமிழ்க் கையெழுத்து.

"படிச்சவர் பொய் சொல்வாரா"ன்னு படைப்பு அன்னைக்குக் கேட்டீங்க. அமெரிக்காவுல குழந்தைகளுக்குன்னே ஊர் ஊரா கிளினிக் நடத்தின ஒரு கம்பெனி, அரசாங்கக் காப்பீட்டுல வர்ற ஏழைப் பிள்ளைங்களுக்குத் தேவையில்லாம நரம்பு வைத்தியமும் ஸ்டீல் கேப்பும் செஞ்சதா வழக்கு வந்து, 2010-ல 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிச்சு. அங்க செஞ்சவங்களும் படிச்சவங்கதான். நம்ம ஊர்ல நடந்ததும் அதுதான்னு நான் சொல்லல. சொல்லலன்னு திரும்பவும் எழுதி வைக்கிறேன், இதப் படம் பிடிச்சு அனுப்புறவங்களுக்காக.

நீங்க ஏன் கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அப்பச்சி. உங்க அப்பச்சிய, எங்க ஐயாவ, வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப, என்ன ஊசின்னு கேட்ட சித்தப்பாவ அந்த டாக்டர் வெளிய நிக்கச் சொன்னாரு. ஐயா திரும்பி வரல. கேட்டதாலதான் சரியாப் பாக்கலன்னு ஆயுசுக்கும் நம்புறீங்க. வெள்ளைக் கோட்டப் பாத்தா துண்டு தோள்லருந்து கைக்கு வந்துருது. சின்ன வயசுல அதப் பாத்தா எனக்கு அழுகை வரும். இப்பக் கோவம் வருது. ரெண்டுல எது நியாயம்னு கேட்டா என்கிட்டப் பதில் இல்ல.

அப்புறம் மதுரையில நான் கூட்டிட்டுப் போன குழந்தைப் பல் டாக்டரம்மா முதல் நாள் அவன் வாயில ஒண்ணுமே செய்யல. கண்ணாடியக் கையில குடுத்து என் பல்ல எண்ணச் சொன்னாங்க. தண்ணி பீச்சுற குழாய அவனே அமுக்கிப் பாத்தான். முதல்ல சொல்லணும், அப்புறம் காட்டணும், அதுக்கப்புறம்தான் செய்யணும்னாங்க. அடுத்த தடவ போனப்பதான் வாயத் திறந்தான். சின்னதா எக்ஸ்ரே எடுத்தாங்க. ஏற்கனவே கேப் போட்ட ரெண்டு போக மிச்சம் இருந்த 7 பல்லுல, 5-ல பள்ளத்துல பழுப்பு நிறம் மட்டும்தான். ஃபுளோரைடு வார்னிஷ் தடவிட்டு, ஆறு மாசத்துக்கு ஒருதடவ பாத்தாப் போதும்னாங்க. ஒண்ணுக்கு சில்வர் டயமைன் ஃபுளோரைடுன்னு ஒரு சொட்டு மருந்து. ஊசி கிடையாது, குடையிறதும் கிடையாது, சொத்தை பெரும்பாலும் அதோட நின்னுரும், ஆனா அந்த எடம் கருத்துப் போகும். அந்தக் கருப்பப் பாத்துட்டுத்தான் நீங்க "பிள்ளை பல்லக் கெடுத்துட்டியே"ன்னீங்க. இன்னொண்ணுக்கு ஸ்டீல் கேப்தான், ஆனா குடையாம. நரம்பு வரைக்கும் போகாத சொத்தைக்கு அப்படியே கேப்ப மாட்டி உள்ளயே அடைச்சிரலாமாம். ஸ்காட்லாந்துல நார்னா ஹால்னு ஒரு பல் டாக்டர் செஞ்சு வந்த முறை, அவங்க பேருலயே வழங்குது. அவன் நாற்காலியில உக்காந்து கால ஆட்டிக்கிட்டே போட்டுக்கிட்டான்.

ஏற்கனவே போட்ட ரெண்டு கேப் இருக்கே, அதுல ஒரு பல்லுக்கு நெசமாவே ரூட் கேனால் தேவைப்பட்டிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னொண்ணு தேவைப்பட்டுச்சான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. குடைஞ்சாச்சு, அதுக்கு முன்னால எடுத்த படமும் இல்ல. இதத்தான் நான் புகார்லயும் எழுதியிருக்கேன். தேவையே இல்லாம செஞ்சாங்கன்னு எழுதல. தேவையா இல்லையான்னு யாருக்கும் தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு எழுதினேன்.

விழப்போற பல்லுக்கு வைத்தியம் எதுக்குங்கிற கூட்டத்துலயும் நான் இல்ல. கோட்டையூர் அயித்தை அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. முன்பல்லு 6, 7 வயசுல விழும். கடைவாய்ப் பால்பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருந்தாகணும். முன்னாடியே போச்சுன்னா பக்கத்துப் பல்லு சாஞ்சு, அடியில வர்ற பல்லுக்கு எடம் இருக்காது. சீழ் வச்சா மொகமே வீங்கும். பால் பாட்டில் யாரு குடுத்தா, தினம் சாயங்காலம் கடையிலருந்து தேன்மிட்டாய் யாரு வாங்கிட்டு வந்தாங்கிற பஞ்சாயத்த இங்க வைக்க வேண்டாம். ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு.

எனக்கு முதப் பல்லு விழுந்தப்ப சாணி உருண்டைக்குள்ள வச்சு ஓட்டு மேல எறியச் சொன்னீங்க. எனக்கு எட்டலன்னு தோள்ல தூக்கி வச்சீங்க. நான் வீசினது வளவு முத்தத்துலயே வந்து விழுந்துச்சு, மறுபடி வீசினேன், மறுபடி விழுந்துச்சு. கடைசியில நீங்களே எறிஞ்சுட்டு, "உச்சி ஓட்டுக்கே எறிஞ்சுட்டா எம்மக"ன்னு ஆத்தாகிட்டச் சொன்னீங்க. நான் ரொம்ப நாள் அத நம்பினேன். "வெறுமனே பல்ல எண்ணத்தான் போறாங்க"ன்னு அவன்கிட்டச் சொன்னதும் நீங்கதான். அவனும் நம்பினான்.

பிள்ளையக் கூட்டிட்டுப் போனது தப்பா, பாசமில்லாமயா போனேன்னு கேக்குறீங்க. பாசம் இல்லன்னு யாரு சொன்னா? ஆபீஸ் நேரத்துல அவன உங்ககிட்டத்தான் விடுறேன், இனியும் விடுவேன். அவன் அப்பா சிங்கப்பூர்ல இருக்கிறதுக்கோ, நான் வேலைக்குப் போறதுக்கோ யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. சோறு ஊட்டலாம், பள்ளிக்கூடத்துல விடலாம், திட்டலாம். வாய்க்குள்ள மிஷின் வைக்க 'சரி'ன்னு சொல்றது மட்டும் பெத்தவங்க வேலை. பாத்துச் சொல்றதுக்குக் குடுத்த சம்மதம் வைத்தியம் பண்றதுக்குச் சம்மதம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றமே 2008-ல, சமீரா கோலிங்கிற பொம்பளை போட்ட வழக்குல, சொல்லியிருக்கு. வயசு வந்த பொம்பளைக்கே அப்படின்னா, தன் வாயால வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சும் யாரும் காதுல வாங்காத பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு கவனமா இருக்கணும்?

படைப்பு அன்னைக்குப் பங்காளிங்க எல்லாரும் இலை முன்னாடி உக்காந்திருந்தப்ப, "என் பிள்ளையப் பிடிச்சுக் குடுத்தவரு"ன்னு நான் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியும். நீங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனீங்க. அந்த எடத்துல, அந்த நேரத்துல சொன்னதுக்கு வருத்தப்படுறேன். டாக்டர் வீட்டுக்காரங்களும் நம்ம கோயிலச் சேர்ந்தவங்கதான், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல எதிரெதிர உக்காரணும், அதையும் யோசிச்சேன். நீங்க கடைத்தெருவுல தலை குனிஞ்சு போறீங்கன்னு ஆத்தா சொன்னாங்க. அது என்னாலதான், மன்னிச்சிருங்க. ஆனா அந்த வார்த்தைய நான் திருப்பி வாங்கிக்கல. அவன் இப்பவும் தூங்கும்போது யாராவது போர்வைய இழுத்து விட்டா கால உதறிக்கிட்டு எந்திரிக்கிறான். நீங்க அவன் கிட்டப் படுக்கிறதில்லைல, உங்களுக்குத் தெரியாது.

அவங்க சித்தப்பா ஞாயித்துக்கிழமை வந்தா காபி குடுங்க, நல்லபடியாப் பேசுங்க. தபால் போயிருச்சுன்னு மட்டும் நீங்களே சொல்லிருங்க. நான் வீட்டுல இருக்க மாட்டேன்.

மதுரைக்கு அடுத்து 14-ஆம் தேதி போகணும், கருத்த பல்லுக்கு மறுபடி மருந்து தடவ. நீங்களும் வரணுமாம், அவனாச் சொன்னது, நான் கேக்கல. வாங்க. டாக்டர் ரூமுக்குள்ள மட்டும் நான்தான் போவேன்.

முன்பணத்துல ரெண்டு பல்லு வேலை போக மிச்சம் வரணும். அதக் கேட்டு வாங்கச் சொல்லி ஆத்தா என்னை அரிக்கிறாங்க. உங்க காசு, உங்க கையெழுத்து. ரசீது சாமி வீட்டு அலமாரியில மேல் தட்டுல இருக்கு. நீங்க போய்க் கேளுங்க.